சின்னத் துப்பாக்கி பயத்துக்கு, பெரிய துப்பாக்கி பழக்கத்துக்கு

போன வாரம் கொட்டிவாக்கம் கடற்கரையில் காலை நடை. எங்கள் கோஷ்டியில் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம், இதைப் படிப்பவர். நடந்துகொண்டே கேட்டார்:

"சார், பேத்தி ஏர் பிஸ்டல் கிளாஸ்ல சேர்ந்திருக்கா. எட்டாவது படிக்கிறா. சொந்தமா ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு பாக்கறேன். பொண்ணு கை, சின்னது. அதனால சின்ன பிஸ்டலா, வெயிட் இல்லாததா வாங்கணும். நீங்க துப்பாக்கி செக்‌ஷன்ல இருந்தவர். என்ன சொல்றீங்க?"

"சின்னது வேண்டவே வேண்டாம் சார்" என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அவர் முகம் சுருங்கிவிட்டது. வீடு திரும்பும் வரை இருவரும் பேசவில்லை. அன்று சொல்லாமல் விட்ட காரணத்தை இங்கே சொல்கிறேன். அவருக்கு மட்டுமல்ல, பேரன் பேத்திக்கு ஆசையாக எதையாவது வாங்கிக் கொடுக்கத் துடிக்கும் எல்லாத் தாத்தாக்களுக்கும்.

ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத லைசென்ஸ் கோப்புகளைச் சில வருடங்கள் பார்த்தவன் நான். விண்ணப்பத்தில் துப்பாக்கி எதற்கு என்று சொல்ல வேண்டும். என் மேஜைக்கு வந்தவற்றில் பெரும்பாலும் ஒரே பதில்: தற்காப்பு. நிலத் தகராறு, பங்காளிச் சண்டை, நகைக்கடைப் பணம். சட்டைக்குள் மறையும் அளவுக்குச் சிறியதாக ஒன்று வேண்டும். வாங்கி பீரோவில் வைப்பார்கள். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார்கள், முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வாங்கிய தோட்டா வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். அந்தத் துப்பாக்கி ஒரு அட்டையைக்கூடப் பார்த்திருக்காது.

அதைத் தப்பென்று சொல்லவில்லை. பயம் அவரவர் சொந்த விஷயம். ஆனால் பயத்துக்காகச் செய்த பொருளை விளையாட்டுக்குக் கொண்டுவராதீர்கள். சின்னத் துப்பாக்கி மறைப்பதற்காகச் சின்னதாகச் செய்யப்பட்டது. சின்னக் கைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று யாரும் அதைச் சின்னதாக்கவில்லை. ரேஞ்சில் எதையும் மறைக்க வேண்டியதில்லை. பிறகு ஏன் சின்னது?

"சின்னது என்றால் சுலபம்" என்பதுதான் நம் ஊரில் பலருக்கும் இருக்கும் எண்ணம். இது எவ்வளவு தவறு என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

கைத்துப்பாக்கியின் மேல் இரண்டு குறிகள் இருக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் நடுவில் பள்ளமுள்ள பின்குறி, குழல் முனையில் முன்குறி. இரண்டும் சரியாகப் பொருந்தினால்தான் குண்டு நினைத்த இடத்துக்குப் போகும். போட்டிக்கான ஏர் பிஸ்டலில் இந்த இரண்டுக்கும் நடுவே சுமார் 30 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில் குண்டு 33 மி.மீ. விலகி விழும். இடைவெளி 15 செ.மீ. மட்டுமே உள்ள சின்னத் துப்பாக்கியில் அதே ஒரு மில்லிமீட்டர் பிசகுக்கு 67 மி.மீ. விலகும். அட்டையில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. தான். அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம். கூட்டிப் பாருங்கள்: பெரிய துப்பாக்கியில் ஆறு புள்ளி வாங்கும் குழந்தை, அதே கையோடு, அதே தவறோடு, சின்னத் துப்பாக்கியில் இரண்டு புள்ளிதான் வாங்கும். தவறு ஒன்று, தண்டனை இரு மடங்கு. தெரியாத குழந்தை என்ன நினைக்கும்? தன் கைதான் சரியில்லை என்று நினைக்கும்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்த மொழியில் முன்குறிக்குப் பெயர் கிதோன். சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் அதே சொல்தான். பிற்பாடு ரேஞ்சுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் அந்தச் சொல்லின் பொருத்தம் புரிந்தது. கண் அட்டையில் இருக்கக் கூடாது, முன்குறியில் இருக்க வேண்டும். அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும். வண்டியைத் திருப்புவது அந்த முனைதான். சின்னத் துப்பாக்கி என்பது கை அளவுக்குக் குறுக்கி வெட்டிய ஹேண்டில்பார். அதைப் பிடித்து யாராவது சைக்கிள் பழகுவார்களா?

அடுத்தது எடை. "லேசாக இருந்தால் கை வலிக்காதே" என்பார்கள். 2014 ஜனவரியில் கான்பூர் ஃபீல்ட் கன் ஃபேக்டரி பெண்களுக்கென்று நிர்பீக் என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை அரை கிலோ, விலை சுமார் 1.22 லட்சம். கைப்பையில் வைக்க வசதி என்று பெருமையாகச் சொன்னார்கள். கைப்பைக்கு வசதிதான். ஆனால் ஒரே தோட்டாவை அரை கிலோ துப்பாக்கியிலும் ஒரு கிலோ துப்பாக்கியிலும் போட்டுச் சுட்டால், அரை கிலோ துப்பாக்கி இரு மடங்கு வேகத்தில் பின்னால் உதைக்கும். இது பள்ளிக்கூடத்து இயற்பியல். லேசான துப்பாக்கியைச் சுமப்பது சுகம், சுடுவது சிரமம். உதைக்கு பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், அதைப் போக்க மாதக்கணக்கில் ஆகும்.

ஏர் பிஸ்டலில் அந்த உதை இல்லை. அங்கேயும் எடை வேண்டும். முனையில் கொஞ்சம் கனம் இருந்தால்தான் கையின் ஆட்டம் நிதானமாக இருக்கும். லேசானது மூச்சு விட்டாலே துள்ளும். சர்வதேச விதியே 1500 கிராம் வரை இடம் கொடுக்கிறது. நீளம் 420 மி.மீ. வரை போகலாம். மற்றவர்கள் எல்லாம் அந்த இடத்தைப் பயன்படுத்தும்போது நம் குழந்தை மட்டும் ஏன் பாதியோடு நிற்க வேண்டும்?

விசையையும் பாருங்கள். ஏர் பிஸ்டல் போட்டியில் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். 25 மீட்டர் .22 பிஸ்டலுக்கு அது 1000 கிராம். தற்காப்புக்கான துப்பாக்கியிலோ, தெரியாமல் பட்டு வெடித்துவிடக் கூடாது என்று விசையை வேண்டுமென்றே பல மடங்கு கடினமாக வைத்திருப்பார்கள். அது நியாயம். ஆனால் அந்த இழுப்பிலேயே குறி நகர்ந்துவிடும்.

இன்னொரு கோஷ்டி யூடியூப் கோஷ்டி. அமெரிக்காக்காரர் கிளாக் 17, பெரெட்டா 92, சிஇசட் 75 என்று அடுக்கி, ரேஞ்சுக்கு எது நல்லது என்று பேசுவதைப் பேரன்கள் பார்த்துவிட்டு வந்து நம்மிடம் ஒப்பிப்பார்கள். அவை 9 மி.மீ. நம் நாட்டில் சாதாரணக் குடிமகனுக்கு அது தடை செய்யப்பட்ட ரகம். நமக்கு ரேஞ்சுக்கான முழு அளவுத் துப்பாக்கி என்றால் 10 மீட்டருக்கு 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல், 25 மீட்டருக்கு .22. முதலாவதற்கு லைசென்ஸ் வேண்டாம், இரண்டாவதற்கு வேண்டும். ஆக, பள்ளிக் குழந்தைக்கு ஏர் பிஸ்டல்தான், வேறு பேச்சில்லை. ஆனால் அமெரிக்காக்காரர் சொல்வதில் ஒன்று மட்டும் நமக்கும் பொருந்தும்: மறைக்க வேண்டாத இடத்தில் குட்டியை வாங்காதே.

பாரிஸ் ஒலிம்பிக்ஸ் சமயத்தில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றியது. துருக்கியின் யூசுஃப் டிகெச், டீ ஷர்ட்டும் சாதாரணக் கண்ணாடியுமாக, ஒரு கை பாக்கெட்டில், நிற்கிறார். கலப்பு அணியில் வெள்ளி. "எந்தக் கருவியும் இல்லாமல் ஜெயித்தார்" என்று கீழே எழுதியிருந்தார்கள். சுட்ட கையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. போட்டிக்கென்றே செய்த முழு அளவு ஏர் பிஸ்டல். அவர் வேண்டாம் என்று ஒதுக்கியது அலங்காரங்களை. பிஸ்டலில் அவர் சிக்கனம் பிடிக்கவில்லை.

அப்படியானால் விலை உயர்ந்ததாகப் பார்த்து வாங்கிவிடலாமா? அதுவும் வேண்டாம். டோக்கியோவில் 2021 ஜூலையில் மனு பாக்கருக்கு என்ன நடந்தது? தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டலின் காக்கிங் லீவர் உடைந்து, சுமார் 20 நிமிடம் போனது. 575 எடுத்தும் இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. உலகத் தரமான துப்பாக்கியும் உடையும். அதே பெண் 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார் என்பது வேறு கதை. வாங்கும் முன் கேட்க வேண்டியது, பழுதானால் நம் ஊரில் பார்க்க ஆள் இருக்கிறாரா, பாகம் கிடைக்குமா என்பதுதான். லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பொருள், ஒரு ரப்பர் வளையத்துக்காக ஆறு மாதம் பெட்டியில் கிடக்கக் கூடாது.

"முழு அளவு என்று சொல்கிறீர்களே, குழந்தை தூக்க முடியாவிட்டால்?" நியாயமான கேள்வி. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கைக்குச் சிறிதாக இருக்க வேண்டியது கைப்பிடி, துப்பாக்கி அல்ல. போட்டிப் பிஸ்டல்களின் மரக் கைப்பிடி சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு அளவாகக் கிடைக்கும். உள்ளங்கைத் தட்டை மேலே கீழே நகர்த்தலாம். விசையையும் முன்னே பின்னே தள்ளலாம். விரலின் முதல் கணுச் சதை விசையின் நடுவில் இயல்பாக உட்கார வேண்டும், எட்டிப் பிடிக்கக் கூடாது. மிகவும் சின்னக் குழந்தை என்றால் அதே போட்டிப் பிஸ்டலைக் கொஞ்சம் குறுக்கி, லேசாக்கிச் செய்கிறார்கள். அதுவும் உண்மையான குறிகளும் நல்ல விசையும் உள்ளதுதான், பொம்மை அல்ல. அதுவும் கனத்தால் ஒரு வருடம் கிளப் துப்பாக்கியில் தாங்கி வைத்துப் பழகட்டும். கை வளரும்.

சந்திரோ தோமர் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உத்தரப் பிரதேசத்தில் ஜோஹ்ரி கிராமம். பேத்தியைத் துப்பாக்கி கிளப்பில் சேர்க்கத் துணைக்குப் போனவர், அறுபது வயது தாண்டி, தானே பிஸ்டலைக் கையில் எடுத்தார். சாணி தட்டிய கை, வயல் வேலை செய்த கை. போட்டிகளில் பதக்கங்கள் குவித்தார். 2019இல் படமே எடுத்தார்கள். 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. ஹங்கேரியின் கரோலி தகாச்சுக்கு 1938இல் கையெறி குண்டு வெடித்து வலது கை போனது. இடது கையில் பழகி 1948, 1952 இரண்டு ஒலிம்பிக்ஸிலும் தங்கம் வாங்கினார். கை பழகிக்கொள்ளும், நண்பர்களே. கையை நம்பாமல் துப்பாக்கியைச் சிறியதாக்குகிற நம் அவசரம்தான் பழகவிடாமல் செய்கிறது.

இனி என் குரல் உயர்ந்த காரணம். பதினோரு வருடம் முன்பு என் பேத்திக்கும் இதே ஆசை வந்தது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆயுத லைசென்ஸ் கோப்பு பார்த்தவன் என்ற மிதப்பில் யாரையும் கேட்காமல் நானே கடைக்குப் போனேன். கேஸ் சிலிண்டர் போடும் குட்டிப் பிஸ்டல், பிளாஸ்டிக் உடம்பு, பார்க்க சினிமாத் துப்பாக்கி மாதிரி. "பாப்பா கைக்கு அளவெடுத்தது போல இருக்கு" என்று கடைக்காரர் சொன்னார், நானும் மகிழ்ந்து போனேன். மூன்று மாதம் தினமும் பழகினாள். குண்டுகள் அட்டை முழுக்கச் சிதறின. கிளப் பிஸ்டல் வைத்திருந்த மற்றக் குழந்தைகள் முன்னேறிக்கொண்டே போனார்கள். ஒருநாள் வந்து, "தாத்தா, எனக்குக் கை சரியில்ல, வேண்டாம்" என்றாள். நான் பொறுமை வேண்டும் என்று உபதேசம் செய்தேன். அவள் நின்றுவிட்டாள்.

பிறகு ஒருமுறை அந்தப் பிஸ்டலை ஒரு பயிற்சியாளரிடம் காட்டினேன். ஐந்து குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "சார், இதுல என்னாலயே அடிக்க முடியல." ஓடிப்போய் அவளிடம் சொன்னேன், தப்பு உன் கையில் இல்லை, தாத்தா வாங்கியதில் என்று. சிரித்தாள். அதற்குள் மனசு வேறு பக்கம் போய்விட்டது. அந்தப் பிஸ்டல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, தூக்கிப் போட மனமில்லை.

ஆகவே மேனேஜர் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். ஆறு மாதம் கிளப்பின் முழு அளவுப் பிஸ்டலில் பழகட்டும். இரண்டு மூன்று மாடல்களைக் கையில் பிடித்துப் பார்க்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டித் திறந்தால் குறிகள் தானாக நேராக இருக்கிறதா என்று அவளே சொல்லட்டும். எது என்று அவள் கை சொன்ன பிறகு, கைப்பிடி அளவைப் பயிற்சியாளர் சொன்ன பிறகு, நாம் பர்ஸைத் திறக்கலாம். அதற்கு முன் தாத்தாவின் வேலை, ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மட்டுமே.

ஞாயிறு காலை அவளோடு நீங்கள் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள். நானும் வந்து பெஞ்சில் உட்காருகிறேன்.