கதவைத் திறந்தது யார்? ராஜாஜியின் சட்டமன்றக் கணக்கு

போன மாதம் மதுராந்தகம் பக்கம் ஒரு சேரியில் நடந்த மாலை வகுப்புக்குப் போயிருந்தேன். பேசி முடித்ததும் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் எழுந்து கேட்டார்: "அண்ணா, நமக்குக் கோயில் கதவைத் திறந்துவிட்டது ராஜாஜிதானே? அப்படித்தானே படித்தோம்?"

அந்தத் தம்பிமீது எனக்கு வருத்தமில்லை. அவர் கோழியாளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவர். ஆனால் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் என்ன செய்தார் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா என்ன ஆனது என்றும் சொல்லித் தரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். ராஜாஜி எவ்வளவு எளிமையாக வாழ்ந்தார், எவ்வளவு அழகாகக் கதை எழுதினார் என்பதெல்லாம் இங்கே பேச்சில்லை. மன்றத்தில் நம் விஷயம் வந்தபோது அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதுதான் பேச்சு.

முதலில் ஒரு கேள்வி. சென்னை மாகாணத்தை இரண்டு முறை ஆண்ட ராஜாஜி, எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்? 1937ல் பல்கலைக்கழகத் தொகுதி வழியாக வந்தார். பட்டதாரிகள் மட்டும் வாக்களிக்கும் தொகுதி அது. அன்றைக்கு நம் சேரிகளில் எத்தனை பட்டதாரிகள் இருந்திருப்பார்கள்? 1952ல், வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலில், அவர் நிற்கவே இல்லை. காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை என்றதும் ஆளுநர் அவரை மேலவைக்கு நியமித்தார். நியமன உறுப்பினராக உள்ளே வந்து முதலமைச்சர் ஆனார். நம் அம்மாவும் அப்பாவும் முதன்முதலாக வரிசையில் நின்று போட்ட வாக்கு அவரைத் தொடவே இல்லை.

இப்போது கோயிலுக்கு வருவோம்.

1932ல் எம்.சி. ராஜா சாதி இந்துத் தலைவர்களை நம்பினார். தனித்தொகுதி வேண்டாம், கூட்டுத்தொகுதி போதும் என்று மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டார். அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் வாதாடிப் பெற்றதை அந்த ஒப்பந்தம் பலவீனமாக்கியது. பிறகு காந்தியின் உண்ணாவிரதம், பூனா ஒப்பந்தம். அதில் ராஜாஜியும் கையெழுத்திட்டார். தனித்தொகுதியை விட்டுக்கொடுங்கள், தீண்டாமையை நாங்கள் ஒழிக்கிறோம் என்பதுதான் நமக்குத் தரப்பட்ட வாக்குறுதி.

அந்த வாக்குறுதியின் முதல் சோதனை 1933ல் வந்தது. மத்திய சட்டசபையில் ரங்கய்யர் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். ராஜாஜி டெல்லிக்கே போய் உறுப்பினர்களிடம் ஆதரவு கேட்டார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1934ல் தேர்தல் நெருங்கியதும் காங்கிரசின் ஆதரவு காணாமல் போயிற்று. சனாதனிகளின் வாக்கு போய்விடுமே! ரங்கய்யர் தன் மசோதாவைக் கைவிட்டார். கைவிடும்போது காங்கிரசையும் ராஜாஜியையும் மன்றத்திலேயே சாடிவிட்டுத்தான் கைவிட்டார்.

இரண்டாவது சோதனை 1938. இப்போது ராஜாஜியே மாகாணப் பிரதமர். பெரும்பான்மை அவர் கையில். எம்.சி. ராஜா இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று, பொதுக்கிணறு, சாலை, அரசு அலுவலகம் ஆகியவற்றில் தடையை நீக்கும் மசோதா. அது 1938லேயே சட்டமானது. அதற்கான நன்றியை உரியவர்களுக்குச் சொல்லிவிடுவோம். ஆனால் அதற்கும் விதை போட்டவர் இரட்டைமலை சீனிவாசன். 1924லேயே சாலையும் கிணறும் எல்லோருக்கும் பொது என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அவர்.

இன்னொன்று கோயில் நுழைவு மசோதா. இங்கேதான் பிரதமர் பின்வாங்கினார். மசோதாவைத் திரும்பப் பெறும்படி எம்.சி. ராஜாவைக் கேட்டார். அவர் மறுத்தார், வாக்கெடுப்புக்கு விட்டார். பிரதமரின் கட்சி மசோதாவைத் தோற்கடித்தது. தன்னை நம்பவைத்துக் கைவிட்டுவிட்டார்கள் என்று எம்.சி. ராஜா காந்திக்கு எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்பதே காந்தியின் பதில். அந்தக் கடிதப் போக்குவரத்தை அம்பேத்கர் 1945ல் தன் நூலில் அச்சிட்டு வைத்திருக்கிறார். யாரும் போய்ப் படிக்கலாம்.

மாகாணம் முழுமைக்குமான மசோதாவைத் தோற்கடித்துவிட்டு அரசு கொண்டுவந்தது என்ன? மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம். அதிலும் அந்தந்தப் பகுதிச் சாதி இந்துக்களின் பெரும்பான்மை விருப்பத்தைக் கேட்டுத்தான் கதவு திறக்கும். நம்மை உள்ளே விடலாமா என்று நம்மை வெளியே நிறுத்தியவர்களிடம் கேட்பதற்குப் பெயர் சீர்திருத்தமாம்!

1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத அய்யரோடு நம் மக்கள் நுழைந்தார்கள். உள்ளே நுழைந்தவர்கள் மீதும் அனுமதித்தவர்கள் மீதும் வழக்கு பாயும் என்ற நிலை வந்ததும், ராஜாஜி அரசு அவர்களைக் காக்க அவசரச் சட்டமும் பிறகு சட்டமும் கொண்டுவந்தது. பாடப்புத்தகத்தில் இருப்பது இந்தப் பகுதி மட்டும்தான். அந்தச் சட்டமும்கூட, அறங்காவலர்கள் விரும்பினால் அரசின் ஒப்புதலோடு திறக்கலாம் என்றுதான் சொன்னது. விரும்பாவிட்டால்? பூட்டு பூட்டாகவே இருக்கும். எல்லாக் கோயில்களையும் திறக்கும் சட்டம் 1947ல்தான் வந்தது. அப்போது ராஜாஜி இங்கே ஆட்சியில் இல்லை.

எம்.சி. ராஜா பாடம் கற்றுக்கொண்டார். 1942ல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது அம்பேத்கர் பக்கத்தில் நின்று பேசினார்.

அடுத்து 1953. ஆரம்பக் கல்வித் திட்டம் என்று ராஜாஜி பெயர் வைத்தார். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் பெயர் வைத்தார்கள். கிராமப் பள்ளியில் பாதி நாள் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பட்டணத்துப் பள்ளிக்கு இது கிடையாது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரிப் பிள்ளைக்கு 'பெற்றோர் தொழில்' என்றால் என்ன? மிராசுதார் வயலில் படியாள் வேலை. செத்த மாட்டைத் தூக்குவது. சாவுக்குப் பறை அடிப்பது. கேளம்பாக்கம், கோவளம் பக்கம் என்றால் உப்பளத்தில் கால் வெந்து நிற்பது. இதைக் கற்க அரை நாள் ஒதுக்கித் தர வேண்டுமா? இதிலிருந்து தப்பிக்கத்தானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம்!

திட்டத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதவில்லை, நேரத்தைப் பிரித்தால் இரண்டு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர்கள் வாதம். சரி, பற்றாக்குறை உண்மைதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பற்றாக்குறையின் சுமையைக் கிராமத்துப் பிள்ளை மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? மீதி அரை நாளில் தச்சன் மகன் கணக்கையோ, பண்ணையாள் மகள் தையலையோ கற்கட்டும் என்று ஏன் சொல்லவில்லை? அவரவர் வீட்டுத் தொழில் என்ற இடத்தில்தான் வருணம் எட்டிப் பார்க்கிறது.

1953 ஜூலையில் சட்டமன்றத்தில் இது வாக்குக்கு வந்தது. திட்டத்தைக் கைவிடச் சொன்ன தீர்மானம் மயிரிழையில் தோற்றது. திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவுக்கு அனுப்பச் சொன்ன தீர்மானம் மயிரிழையில் வென்றது. மேலவை உறுப்பினரான முதலமைச்சருக்குப் பேரவையில் பேச உரிமை உண்டு, வாக்களிக்க உரிமை இல்லை. கிராமத்துப் பிள்ளைகள் எல்லோருடைய தலையெழுத்தையும் தீர்மானித்த வாக்கெடுப்பில், திட்டத்தைக் கொண்டுவந்தவர் பெயர் பதிவேட்டிலேயே இல்லை! 1954 ஏப்ரலில் அவர் விலகினார், காமராசர் வந்தார். மே மாதம் திட்டம் போயிற்று. எதிர்த்து நின்ற பெரியாரையும் திராவிட இயக்கத்தாரையும் இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் கணக்கு நேர்மையாகாது. 1952ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் ராஜாஜிதான். நல்ல சட்டம். ஆனால் அது ஏன் தஞ்சைக்கு மட்டும்? அங்கே செங்கொடி இருந்தது, போராட்டம் இருந்தது. செங்கல்பட்டுப் படியாள் தனியாக நின்றான், அவனுக்கு எதுவும் வரவில்லை. 1959ல் நில உச்சவரம்பையும் கூட்டுறவுப் பண்ணையையும் எதிர்த்து சுதந்திரா கட்சியைத் தொடங்கினார் ராஜாஜி. அதோடு படம் முழுமையாகிறது. சொத்து உள்ளவனின் சுதந்திரத்துக்கு ஒரு கட்சி. நிலமே இல்லாதவனுக்கு?

நிலம் என்றதும் நம் மாவட்டத்தில் ஒரு பெயர் வராமல் இருக்காது. 1891ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892ல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலத்தை மீட்டுத் தரக் காங்கிரசும் முனையவில்லை, கழகங்களும் முனையவில்லை. கேட்டவர்களுக்குக் கிடைத்தது தோட்டா. மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். அப்போது ஆண்டது ராஜாஜி அல்ல. ஆனால் கோயிலுக்கு மசோதாவைத் தோற்கடித்த அதே தந்திரம்தான் நிலத்துக்கும்: ஆதரிக்கிறோம், ஆனால் இப்போது வேண்டாம்.

தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். கதவைத் தட்டியவர்கள் நம் ஆட்கள். தட்டும்போது உள்ளே இருந்தவர் ராஜாஜி. தாழ்ப்பாளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, திறந்ததாகப் பேர் வாங்கிக்கொண்டார்.

இந்தக் கணக்கை நாம் பார்க்க முடிவது ஏன்? எம்.சி. ராஜா மசோதாவைத் திரும்பப் பெற மறுத்ததால். வாக்கெடுப்பு வேண்டும் என்று நின்றதால். தோற்போம் என்று தெரிந்தும், யார் தோற்கடித்தார்கள் என்பது பதிவாகட்டும் என்று அவர் நின்றார்.

இன்றைக்கு மதுராந்தகமும் செய்யூரும் தனித்தொகுதிகள். நம் பெயரால் உள்ளே போகிறவர்கள் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார்கள் என்று நம்மில் யாருக்காவது தெரியுமா? குரல் வாக்கெடுப்பில் 'ஆம்' என்று ஒரு சத்தம் எழும், மசோதா நிறைவேறிவிடும், ஒருவர் பெயரும் பதிவாகாது. 2023 ஏப்ரலில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. நீர்நிலையும் அரசு நிலமும் சம்பந்தப்பட்ட சட்டம் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்ட் நிலம் என்ன விலை போகிறது என்று தெரிந்த நமக்கு, அந்தச் சட்டம் யாரைத் தொடும் என்றும் தெரியும்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சாலை, விளக்கு, சமுதாயக்கூடம் கேளுங்கள், தப்பில்லை. கூடவே ஒரு கேள்வியையும் கேளுங்கள்: பஞ்சமி நில மீட்புக்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவருவீர்களா? திரும்பப் பெறச் சொன்னால் மறுத்து, பெயர் சொல்லி வாக்கெடுக்கச் சொல்வீர்களா?

எம்.சி. ராஜா 1938ல் செய்ததைத்தான் கேட்கிறோம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஜெய்பீம்.