பெயரில்லாத் தொட்டியும் வீட்டுப் பிராணியும்

நோயிலிருந்து மீண்டு வீடு திரும்புவோருக்குப் பழக்கூடைக்குப் பதிலாகப் போன்சாய் மரம் ஒன்றைப் பரிசளிப்போர் இப்போது உண்டு. நல்ல வழக்கந்தான். ஓய்வில் இருப்பவரின் வலிமைக்கு ஏற்ற வேலை அது: சிறிது நீர், அவ்வப்போது ஒரு கத்தரிப்பு, நாள்தோறும் சற்று நேரம் உற்றுநோக்கல். ஆனால், அந்த வீட்டில் நாயோ பூனையோ வளர்கிறதா என்று கேட்டுவிட்டு மரத்தைத் தேர்ந்தெடுப்பவர் அரியர். பின்னர் பூனை தொட்டி மண்ணைக் கிளறும். நாய்க்குட்டி கிளையைக் கடிக்கும். உடனே, “நோயாளி இருக்கும் வீட்டில் பிராணி எதற்கு?” என்று உறவினர் ஒருவர் தீர்ப்பளிப்பார். நோயுற்ற காலமெல்லாம் காலடியில் படுத்திருந்த உயிர் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

இத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை. குற்றம் பிராணியின் மீதும் இல்லை, மரத்தின் மீதும் இல்லை. பெயர் எழுதாமல் தொட்டிகளை விற்கும் வழக்கத்தின் மீதே இருக்கிறது. “அதிர்ஷ்ட மரம்”, “மேசைச் செடி” என்றெல்லாம் சொல்லி விற்பதால், வாங்குபவருக்குத் தாம் எதை வீட்டுக்குள் கொண்டுவருகிறோம் என்பதே தெரிவதில்லை.

‘ஜேட்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். அப்பெயரால் வழங்குபவை இரண்டு வெவ்வேறு செடிகள். ஒன்று கிராசுலா ஓவாட்டா. தடித்த, சற்றே நீண்ட இலைகளை உடையது. இதை மென்ற நாய்க்கும் பூனைக்கும் வாந்தியும் சோர்வும் ஏற்படலாம். மற்றொன்று போர்ட்டுலகேரியா ஆஃப்ரா. செந்நிறத் தண்டும் சிறிய வட்ட இலைகளும் கொண்டது. தென்னாப்பிரிக்காவில் யானைகள் விரும்பி உண்ணும் செடி இது. வீட்டுப் பிராணிகளுக்கு நஞ்சன்று. போன்சாய் வடிவத்துக்கும் எளிதில் பழகும். ஒரே பெயருக்குள் தீங்கற்றதும் தீங்குள்ளதும் அடங்கியிருக்கும்போது, வாங்குபவர் எதைக் கொண்டு பிரித்தறிவார்?

இவற்றைவிடக் கடுமையானவை இரண்டு. அடிபருத்த தண்டும் இளஞ்சிவப்பு மலர்களும் கொண்ட அடீனியம் நம் மொட்டைமாடிகளில் பெருகிவிட்டது. வெயிலைத் தாங்கும், நீர் அதிகம் கேட்காது. ஆகவே பலருக்கும் விருப்பம். அது அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பாலில் உள்ள சேர்மங்கள் இதயத் துடிப்பைக் குலைப்பவை; ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புகளுக்கு நஞ்சாகப் பூசப்பட்டவை. இதய நோயாளிகள் சிலருக்கு மருத்துவர் அளந்து தரும் டிஜாக்சினும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அளந்து தரவேண்டிய ஒன்றை நாய்க்குட்டி அளக்காமல் மெல்லும் வாய்ப்பை நாம் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

மற்றொன்று சைக்கஸ். சிறு பனைபோல் தோன்றும், பனையன்று. இதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. விதை மிகக் கொடியது. தின்ற நாய் சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கலாம். பிறகு தேறியதுபோலவும் தோன்றலாம். அதன்பின் இரண்டு மூன்று நாட்களில் கல்லீரல் பழுதடைந்தது வெளிப்படும். நாயோ தவழும் குழந்தையோ உள்ள வீட்டில் இவ்விரண்டுக்கும் இடமில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆல், அரசு முதலிய ஃபைகஸ் இனங்களின் பால் வாயையும் தோலையும் எரிச்சலூட்டும். ரப்பர் கையுறை ஒவ்வாதவர்களுக்குச் சில ஃபைகஸ் இனங்களும் ஒவ்வாமற் போகலாம். புளியங்கன்றோ நம் சமையலுக்கே தளிர் தரும் மரம். அதைக் குறுமரமாக வளர்ப்பதும் கடினமன்று. சீன எல்ம் மரமும் பிராணிகளுக்குத் தீங்கற்றதே.

மரத்தைவிட அதன் உணவே நாயை ஈர்க்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எலும்புத் தூளும் மீன் உரமும் மனிதருக்கு நாற்றம், நாய்க்கு விருந்து. அவற்றைத் தேடித் தொட்டியையே கவிழ்த்துவிடும். ஆமணக்குப் புண்ணாக்கை உரமாக இடுவது இன்னும் ஆபத்து. ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்னும் நஞ்சு அதில் எஞ்சியிருக்கக்கூடும். நீரில் கரைத்து ஊற்றும் உரமே இத்தகைய வீடுகளுக்கு ஏற்றது. கிளையை வளைக்கச் சுற்றும் கம்பியின் துண்டுகளையும் தரையில் விடலாகாது.

இனி நோயாளிக்கு உரியது. புற்றுநோய்க்கு மருந்து எடுப்போரும், உறுப்பு மாற்றம் பெற்றோரும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த பிறரும் மண்ணைத் தாமே கிளறுவதைத் தவிர்க்க வேண்டும். தொட்டி மண்ணில் அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் வாழ்கின்றன. பூனை அம்மண்ணில் மலங்கழித்தால் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியும் அங்கே சேரலாம். மலத்தோடு வெளியேறி ஒரு நாளேனும் கழிந்த பின்னரே அது தொற்றும் நிலையை அடைகிறது. ஆகவே பூனையின் மலத்தட்டை நாள்தோறும் வேறொருவர் தூய்மை செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். பூனையைத் துரத்த வேண்டியதில்லை. கருவுற்ற பெண்களும் இதையே பின்பற்றலாம். மண் மாற்றும் வேலையைப் பிறரிடம் விட்டுவிட்டு, எந்தக் கிளையை வெட்டுவது, எதை விடுவது என்று சொல்லும் உரிமையை நோயாளியே வைத்துக்கொள்ளட்டும். மருந்து முறை ஆளுக்கு ஆள் மாறுவதால், தொட்டி வீட்டுக்கு வருமுன் உங்கள் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

படுக்கையறை போன்சாய்க்கு உரிய இடமன்று. ஜப்பானில் இம்மரங்கள் வெளியில், காற்றும் வெயிலும் படும் பலகைகள் மீதே வளர்க்கப்படுகின்றன. நமக்கும் பால்கனியே பொருந்தும். அங்கே அணில் வரும். விதை புதைக்கத் தோண்டும். மண்ணின் மீது கம்பிவலைத் துண்டு ஒன்றை வெட்டிப் பரப்பினால் அணிலும் பூனையும் ஒருசேர விலகும். அழகுக்காகக் கூழாங்கல் பரப்புவதை நாய்க்குட்டி உள்ள வீட்டில் நான் பரிந்துரைக்கமாட்டேன்; அது கல்லையும் விழுங்கும். தொட்டிக்குக் கீழுள்ள தட்டில் நீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையேனும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

பிராணி எதையேனும் தின்றுவிட்டால் உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள்; அதுவே தீங்காக முடியும். கடித்த கிளை, உரப்பொட்டலம், தின்ற நேரம் ஆகிய விவரங்களோடு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். சென்னையில் இருப்போருக்கு வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. சைக்கஸ் என்றால், மறுநாள் நாய் வாலாட்டினாலும் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த முறை நாற்றுப்பண்ணைக்குச் செல்லும்போது விற்பவரிடம் மரத்தின் தாவரப் பெயரைக் கேளுங்கள். அவர் சொல்லாவிட்டால் அந்தத் தொட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள். சொன்னால், ஐஸ் குச்சி ஒன்றில் எழுதி மண்ணில் குத்திவையுங்கள். நோயாளி உறங்கும் வேளையில் நாய் கிளையைக் கடித்தாலும், உடனிருப்பவர் தொலைபேசியில் மருத்துவருக்கு அப்பெயரைப் படித்துச் சொல்ல முடியும்.