சோறு போட்டாச்சு, காது எப்ப குடுப்பீங்க?

"பேசுமா?"
"பேசாது சார்."
"சொன்னா புரியுமா?"
"ஒண்ணும் தெரியாது சார்."

சான்றிதழ் முகாம்ல அவ்வளவுதான் விசாரணை. அரை நிமிஷம். கேட்டவர் ஒரு அதிகாரி, பதில் சொன்னது என் அக்கா, பேச்சு அக்கா மகளைப் பத்தி. 17 வயசுப் பொண்ணு. மூளை முடக்குவாதம், வலிப்பு, பார்வைக் குறைவு, அறிவுத்திறன் குறைபாடு எல்லாம் சேர்ந்து இருக்கு.

"பேசுவாளா" இல்ல மக்களே, "பேசுமா". கைக்குழந்தையை "தூங்குச்சா"ன்னு செல்லமா கேக்குறது வேற. 17 வயசுப் பொண்ணை அவ முன்னாடியே வச்சு இப்படிக் கேக்குறது வேற.

ஆனா எனக்கு அதிகாரி மேல வந்ததை விட அக்கா மேலதான் கோவம் ஜாஸ்தி. ஏன்னா அவ பேசுவாங்கிறது அக்காவுக்கு நல்லாத் தெரியும். இடது கட்டைவிரலை உள்ள மடக்கினா "வேணாம்". வாளி சத்தம் கேட்டு காலை உதைச்சா "குளிக்கப் போறோம், ஜாலி". உதட்டை இறுக்கினா "போதும்". பல்லை நறநறன்னு கடிச்சா "இடுப்பு வலிக்குது, திருப்பிப் போடு".

வெளிய வந்து, "ஏங்க்கா அப்படிச் சொன்ன?"ன்னு கேட்டேன். "கொஞ்சம் புரியும்னு சொல்லி, சதவீதத்தைக் குறைச்சுட்டா என்னடா பண்றது?" அம்புட்டுதான். பராமரிப்பு உதவித்தொகையை 2023-ல 1500-லேர்ந்து 2000 ரூபா ஆக்குனாங்க, சந்தோஷம். ஆனா அந்தக் காசு போயிருமோன்னு பயந்து, பெத்தவளே பிள்ளையை "ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்ல வேண்டியிருக்கே, இது என்ன கணக்கு?

இதெல்லாம் சின்ன விஷயம்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அவளோட பாஷை முழுசும் தெரிஞ்சது எங்க அம்மாச்சிக்கு மட்டும்தான். பல்லைக் கடிச்சா திருப்பிப் போடணும்கிறது உள்பட. அம்மாச்சி போய்ச் சேர்ந்துட்டாங்க. அடுத்த மூணு வாரம் இவ ராத்திரி பூரா பல்லைக் கடிச்சு அழுதா. "பாட்டியைத் தேடுறா"ன்னோம், "பிடிவாதம்"னோம், தூக்க மருந்து கூட கேட்டுப் பாத்தோம். கடைசியில தற்செயலா ஒருநாள் ஒருக்களிச்சுப் படுக்க வச்சப்பதான் அழுகை நின்னுச்சு. மூணு வாரமா அவ ஒழுங்காத்தான் சொல்லியிருக்கா. செவிடா இருந்தது நாங்க.

இங்கிலாந்துல மென்கேப்ங்கிற அமைப்பு 2007-ல ஒரு அறிக்கை விட்டாங்க. அறிவுத்திறன் குறைபாடு இருந்த 6 பேர் சாவைப் பத்தினது. அதுல ஒருத்தர் ஆஸ்பத்திரியிலேயே 26 நாள் சாப்பாடு இல்லாம கிடந்திருக்கார். அவரால வாய்விட்டுக் கேக்க முடியல. பணக்கார நாட்டுக்கே இந்தக் கதி.

இப்ப நம்ம மதுரைக்கு வருவோம். சித்திரைத் திருவிழாவுல நீர்மோர்ப் பந்தல் போடுற ஊரு. பிறந்தநாளுக்கு இல்லத்துல போய் ஒருவேளைச் சாப்பாடு போடுற ஊரு. நல்ல மனசுதான், மறுக்கல. ஆனா போட்டோவுக்காக, படுத்திருக்கிற பிள்ளை வாயில கேசரியைத் திணிக்காதீங்கய்யா! உதட்டை மூடினா அது "வேணாம்"ங்கிற வார்த்தை. அதை மீறித் திணிச்சா நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா வரும், உயிரும் போகும். "தெய்வக் குழந்தை"ன்னு கும்பிட வேணாம். தெய்வத்துக்கிட்டதான் பதிலை எதிர்பார்க்காம பேசுவோம். இவங்க பதில் சொல்றாங்க, கொஞ்சம் லேட்டா. கேள்வி கேட்டுட்டு பத்துப் பதினஞ்சு செகண்ட் காத்திருக்க நமக்குத்தான் பொறுமை இல்ல.

"அதெல்லாம் அனிச்சை, நீங்களா அர்த்தம் கற்பிக்கிறீங்க"ன்னு ஒரு கோஷ்டி வரும். முதல்ல அனிச்சையாவே இருக்கட்டும். பச்சைக் குழந்தை அழுறதும் அப்படித்தான் ஆரம்பிக்குது. ஒவ்வொரு தடவையும் பால் குடுக்கக் குடுக்க அது "பசிக்குது"ன்னு ஆகுது. நாம ஒரே மாதிரி பதில் சொன்னா அசைவு வார்த்தையாகும். தப்பாப் புரிஞ்சுக்கவும் வாய்ப்பு இருக்கு, ஒத்துக்கறேன். அதனாலதான் ரெண்டு பேரு தனித்தனியா கவனிச்சு எழுதி வைக்கணும்.

இது ஒண்ணும் புதுசா நான் கண்டுபிடிச்சது இல்ல. சென்னையில வித்யாசாகர் 1985-லேர்ந்து இருக்கு. பேச்சில்லாத பிள்ளைகளுக்கு மாற்றுவழித் தொடர்புல அவங்க செஞ்சது நிறைய. படத்தைத் தொட்டாப் பேசுற 'ஆவாஸ்' செயலியும் சென்னையில பிறந்ததுதான். படம் புரியாத எங்க பொண்ணு மாதிரி ஆளுங்களுக்கு அது ஒத்து வராது. டம்ளரைக் கையில தொட வச்சா தண்ணி, துண்டைத் தொட வச்சா குளியல்னு பொருளைக் கொண்டே பேசலாம். செலவு? பூஜ்யம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'தொடர்பு'ன்னா என்னன்னு சொல்ற இடத்துல, தொட்டு உணர்த்துறதையும் மாற்றுவழிகளையும் சேர்த்தேதான் சொல்லுது. சட்டத்துல இருக்கு, முகாம் மேசையில இல்ல.

நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. "பேசுமா"ங்கிற கேள்விக்குப் பதிலா, "இவங்க எப்படிச் சொல்லுவாங்க?"ன்னு அந்த மேசையில கேளுங்க, பதில் சொன்னா உதவித்தொகை குறையாதுன்னு எழுத்துல குடுங்க. ரெண்டாவது வீட்டுக்கு. ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. என்ன செஞ்சா, என்ன அர்த்தம், நாம என்ன செய்யணும். மூணே கட்டம். ஆஸ்பத்திரி போனாலும் இல்லத்துக்குப் போனாலும் நோட்டும் கூடவே போகட்டும்.

எங்க நோட்டுல இப்ப 14 வரி இருக்கு. அம்மாச்சிக்கு இன்னும் எத்தனை தெரியுமோ, கேட்டு வைக்காமப் போயிட்டோம்.

டிஸ்கி: "உச்" கொட்டி அனுதாபப் பின்னூட்டம் வேணாம். உங்க தெருவுலயும் ஒரு வீடு இருக்கும். ஒரு நோட்டு வாங்கிக் குடுத்துட்டு வந்து எழுதுங்க.