மகாராஜா யாருக்குக் கும்பிடு போட்டார்?

2023 ஆகஸ்டில் ஏர் இந்தியா புது லோகோவை வெளியிட்டதும் "ஐயோ, மகாராஜா போச்சே" என்று ஒரே ஒப்பாரி. அந்த மீசை, அந்தத் தலைப்பாகை, அந்தக் குனிந்த வணக்கம் என்று ஆளாளுக்கு உருகினார்கள். சரி மக்களே, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்த மகாராஜா யாருக்குக் குனிந்தார்?

ஏர் இந்தியாவின் பாபி கூகாவும், ஜே. வால்டர் தாம்சன் விளம்பரக் கம்பெனி ஓவியர் உமேஷ் ராவும் 1946-ல் உருவாக்கியவர் அவர். போஸ்டர்களில் ஊருக்கு ஒரு வேஷம் போட்டார். "அது ராஜாக்களைக் கேலி செய்த பொம்மைதானே" என்பார்கள். இருக்கட்டும். அந்தக் கேலி யாரைச் சிரிக்க வைக்க? இந்தியா என்றாலே யானை, அரண்மனை, ராஜா என்று நினைத்துக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பயணியை!

1953-ல் விமான கம்பெனி அரசுடைமை ஆனது. குடியரசின் விமானத்துக்கு முகம் மட்டும் ராஜா. இதைவிட வேடிக்கை 1971. அந்த வருடம் முதல் போயிங் 747 வந்தது. ஜன்னல்களைச் சுற்றி அரண்மனை மாடம் போலச் சிவப்பு வளைவுகள், "வானத்து அரண்மனை" என்று விளம்பரம். எம்பரர் அசோகா, எம்பரர் ராஜேந்திர சோழா என்று விமானங்களுக்குப் பெயர்கள். அதே 1971 டிசம்பரில்தான் 26-வது சட்டத்திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. தரையில் ராஜாக்களுக்குச் சம்பளத்தை நிறுத்திய அதே அரசு, வானத்தில் ராஜாவைப் பறக்கவிட்டது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 2021 ஆகஸ்ட் 31-ல் கம்பெனியின் கடன் 61,562 கோடி ரூபாய். டாடா கொடுத்த விலை 18,000 கோடி. அதில் 15,300 கோடி கடனை ஏற்றுக்கொண்டது, 2,700 கோடிதான் ரொக்கம். மீதி 46,262 கோடி கடன் அரசாங்கத்தின் தலையில், அதாவது விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவர்கள் தலையிலும்.

திருவெண்ணெய்நல்லூர் சடையப்ப வள்ளல் கம்பனை ஆதரித்தார். கம்பனும் நன்றி மறக்காமல் சடையன் பெயரைக் காவியத்திலேயே வைத்தான். செலவு செய்தவனுக்குப் படைப்பில் இடம் கொடுப்பது நம்ம ஊர் வழக்கம். ஏர் இந்தியாவுக்குச் செலவு செய்த வரி கட்டுபவனுக்கு எந்த போஸ்டரில் இடம் இருந்தது?

"பாரம்பரியத்தைக் காட்ட வேண்டாமா?" என்று கேட்கலாம். தாராளமாகக் காட்டலாம், அரண்மனை மட்டும்தான் பாரம்பரியமா? வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களை நம்பி 2005-ல் தொடங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸைப் பாருங்கள். விமானத்துக்கு விமானம் வாலில் வேறு வேறு படம். 2023 அக்டோபரில் வந்த புது வடிவத்தில் பாந்தனி, அஜ்ரக் என்று துணி வேலைப்பாடுகள் வாலில் ஏறின. சாயம் தோய்த்த கைகளின் வேலை அது. உழைக்கப் போகிறவனை உழைப்பாளியின் துணி சுமந்து போகிறது. இதுதான் டிசைன்!

பெரிய ஏர் இந்தியாவோ மகாராஜாவை உயர் வகுப்புக்கும் லவுஞ்சுக்கும் அனுப்பிவிட்டு, பழைய மாட ஜன்னலையே தங்க நிறத்தில் லோகோ ஆக்கிக்கொண்டது. ராஜா உள்ளே போய்விட்டார், அவ்வளவுதான். ஜன்னல் இன்னும் அரண்மனை ஜன்னலேதான். ஒப்பாரி வைப்பவர்கள் தைரியமாகத் தூங்கலாம்.