உத்தியோகமும் ஆராய்ச்சியும்

உத்தியோகம் ஏற்றபின் ஆராய்ச்சி எட்டாக்கனி என்று பழைய மாணவர் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். இக்கூற்று எமக்கு உடன்பாடன்று.

ஷங்ஹாயிற் பிறந்த சார்ள்ஸ் காவோ, இங்கிலாந்தின் ஹார்லோ நகரில் ஒரு கம்பனியின் ஆய்வுகூடத்திற் கடமையாற்றிக்கொண்டே, 1965-ம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராகக் கலாநிதிப் பட்டம் பெற்றார். (இலண்டன் வெளிவாரிப் பரீட்சை எம்மவர்க்குப் புதிதன்று.) அக்காலத்துக் கண்ணாடி இழையிற் புகுந்த ஒளி ஏறக்குறைய 20 மீற்றருக்குள் நூற்றிலொரு பங்காகத் தேய்ந்துவிடும். ஆதலால், தூரதேசத்துக்குச் செய்தி அனுப்பக் கண்ணாடி உதவாதென்றே பலரும் எண்ணினர். காவோவும் அவருடன் பணியாற்றிய ஜோர்ஜ் ஹொக்கமும் 1966-ம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையோ, குற்றம் கண்ணாடியினதன்று, அதிற் கலந்த இரும்பு முதலிய மாசுகளினதே என்றது. ஒரு கிலோமீற்றர் கடந்தும் அந்நூற்றிலொரு பங்கு எஞ்சுமாயின் போதும் என்பது அவர்தம் கணக்கு. அமெரிக்காவின் கோர்ணிங் நிறுவனத்தார் 1970-ம் ஆண்டில் அவ்வெல்லையை எட்டினர். அவ்வாண்டிலேயே காவோ ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் துறையை நிறுவச் சென்றார். பௌதிகத்துக்கான நோபெல் பரிசு 2009-ம் ஆண்டிலேதான் வந்தது.

நமது கல்லூரியின் ஆய்வுகூடமோ மாலையிற் பூட்டிக் கிடக்கின்றது. வாரத்தில் இரு மாலையேனும் அதனை உத்தியோகத்திலுள்ள பழைய மாணவருக்குத் திறந்துவிடலாகாதா? சங்கத்தார் அடுத்த கூட்டத்திலேயே இதனை ஆலோசிப்பாராக.