கணித்தால் மட்டும் போதுமா?

மாணவர்களே, தொடக்கப்பள்ளி அறிவியலில் ‘முன் அனுமானித்தல்’ என்ற திறனைப் படித்தது நினைவிருக்கிறதா? கிடைத்த தரவுகளைக் கொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று கூறும் திறன் அது. ஆய்வுக்கூடத்தைப் போலவே வணிகத்துக்கும் அது தேவை.

அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தைப் பாருங்கள். உங்கள் பெற்றோரின் இளமையில் படம் பிடிக்கப் படச்சுருள் வேண்டும். அந்தத் தொழிலில் கோடாக் முன்னணியில் இருந்தது. 1975இல் அங்குப் பணியாற்றிய ஸ்டீவ் சாசன் என்ற பொறியியலாளர், படச்சுருளே தேவைப்படாத டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. 1981இல் கோடாக் ஓர் ஆய்வு நடத்தியது. டிஜிட்டல் முறை படச்சுருளின் இடத்தைப் பிடிக்கக்கூடும், தயாராக ஏறக்குறைய 10 ஆண்டு இருக்கிறது என்று அந்த ஆய்வு கூறியது.

கணிப்பு சரிதான். ஆனால், இலாபம் படச்சுருளில் அல்லவா இருந்தது! பின்னாளில் டிஜிட்டல் கேமராக்களை விற்றபோதும், பழைய வருமானத்தை விட கோடாக்கிற்கு மனம் வரவில்லை. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி அது நீதிமன்றம் சென்றது.

ஜப்பானின் ஃபூஜிஃபிலிம் நிறுவனத்துக்கும் அதே ஆபத்து வந்தது. படச்சுருள் தயாரிக்கக் கற்ற வேதியியல் வேறு எதற்கெல்லாம் உதவும் என்று அதன் தலைவர் ஷிகெதகா கொமோரி தேட வைத்தார். படச்சுருளில் உள்ள ஜெலட்டின், கொலாஜன் என்ற புரதத்திலிருந்து கிடைக்கிறது. நம் தோலிலும் கொலாஜன் உண்டு. அந்த அறிவைக் கொண்டு 2007இல் ‘அஸ்டாலிஃப்ட்’ என்ற தோல் பராமரிப்புப் பொருள்களை அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எல்சிடி திரைகளுக்கான மெல்லிய படலங்களையும் தயாரித்தது. இன்றும் அது நிலைத்து நிற்கிறது.

என்னைக் கேட்டால், கணிப்பது பாதி வேலைதான். நமக்குப் பிடிக்காத கணிப்பையும் ஏற்று, கையில் பணமும் நேரமும் இருக்கும்போதே மாறுவதுதான் தலைமைத்துவம். கணிப்பு பொய்க்கவும் கூடும். ஆகவே, முதலில் சிறிய அளவில் சோதித்துப் பார்த்து, புதிய தரவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பள்ளிக் கூட்டுறவுக் கடையிலேயே இதைப் பழகலாம். அடுத்த மாதம் எந்தப் பொருள் எத்தனை விற்கும் என்று எழுதி வையுங்கள். மாத இறுதியில் விற்பனைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். நீங்கள் ஆசையாய் வாங்கி அடுக்கிய பொருள் இனி விற்காது என்று கணக்கு காட்டினால், அதை நிறுத்தும் துணிவு உங்களுக்கு உண்டா?