வாயில் வெள்ளையா? எந்த வெள்ளை?

பாட்டிக்கு நாக்கு வெந்தது போல் இருக்கிறது. ரசம் பட்டாலும் எரிகிறது. வாயைத் திறந்து பார்த்தால், நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர்த் திப்பி போல் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

வீட்டில் ஒரு பாட்டில் இருக்கிறது. பேரனின் சொத்தைப் பல்லுக்காகப் பல் டாக்டர் எழுதிக் கொடுத்த ஃபுளோரைடு மருந்து.

"வாய் கொப்பளிக்கிற மருந்துதானே அத்தை! இதையே ஊற்றிக் கொப்பளியுங்கள்" என்கிறாள் மருமகள்.

மருமகள் அன்பாகத்தான் சொல்கிறாள். ஆனால் மருந்து தப்பு!

எந்த ஊரிலும் நடக்கக் கூடிய தவறு இது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மட்டும் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது தண்ணீர் விஷயம். பின்னால் வருகிறது.

கள்ளின் உறவு

நாக்கில் படியும் அந்த வெள்ளை ஒரு வகைக் காளான். 'கேண்டிடா' என்று பெயர்.

பனை ஏறுகிறவர்களுக்கு இதன் இனம் நன்றாகத் தெரியும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் பதநீர் கள்ளாகி விடுகிறது அல்லவா? அப்படிப் புளிக்க வைப்பது ஈஸ்ட் என்ற நுண்ணுயிர். கண்ணுக்குத் தெரியாது. கேண்டிடாவும் அந்த ஈஸ்ட் இனத்தைச் சேர்ந்ததுதான்.

நல்ல உடம்புக்காரர் பலருடைய வாயிலும் இது இருக்கிறது. சும்மா இருக்கும் வரை ஒன்றும் செய்யாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தால் தலை தூக்குகிறது.

பல் சொத்தை வேறு கதை. வாயில் உள்ள பாக்டீரியாக் கிருமிகள் மிட்டாயையும் சர்க்கரையையும் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லை அரிக்கிறது. ஃபுளோரைடு பல்லின் மேல் படிந்து அதைக் கெட்டிப்படுத்துகிறது. அதனால் சொத்தை விழுவது குறைகிறது. அந்த வேலைக்கு அது நல்ல மருந்து, சந்தேகமில்லை.

ஆனால் கதவுக்குப் பூட்டுப் போடுவது வேறு. உள்ளே புகுந்த பாம்பை அடிப்பது வேறு.

தபாலில் பிறந்த மருந்து

காளானைக் கொல்லும் மருந்து தனியாக உண்டு. அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்று இரண்டு பெண்கள். ஒருவர் நியூயார்க் நகரில், மற்றவர் ஆல்பனியில். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களை ஒருவர் வளர்ப்பார். அதைத் தபாலில் மற்றவருக்கு அனுப்புவார். அவர் அதிலிருந்து சத்தைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். இப்படியே தேடி, 1950-ல் 'நிஸ்டாட்டின்' என்ற மருந்தை உலகுக்கு அறிவித்தார்கள். அதில் வந்த உரிமைப் பணம் 1 கோடி டாலருக்கும் மேல். இருவரும் அதைத் தங்களுக்கு என்று வைத்துக் கொள்ளவில்லை. ஆராய்ச்சிக்கே கொடுத்து விட்டார்கள்!

இன்று நிஸ்டாட்டின் சொட்டு மருந்தாகக் கிடைக்கிறது. 'குளோட்ரிமசோல்' என்ற மருந்தை வாயில் தடவுகிறார்கள். எது, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பாட்டிக்கு ஏன் வந்தது?

பாட்டியின் விஷயத்தில் முக்கியமான கேள்வி இதுதான். சர்க்கரை வியாதி இருந்தால் வாயில் வெள்ளை படியும். சில சமயம் சர்க்கரை இருப்பதே இந்த வெள்ளையால்தான் தெரிய வரும். ஃபுளோரைடைக் கொப்பளித்துக் கொண்டு இரண்டு வாரம் கடத்தினால், உள்ளே இருக்கும் வியாதி வளர்ந்து கொண்டே போகும். மருமகளின் வைத்தியத்தில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான்.

பல் செட்டை இரவும் கழற்றாமல் தூங்குகிறவர்களுக்கும் வரும். ஆஸ்துமாவுக்கு மருந்தை வாயால் உறிஞ்சி விட்டு வாயைக் கழுவாதவர்களுக்கும் வரும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும் வரலாம். விழுங்கும் போது தொண்டை வலித்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

கைக்குழந்தைக்கு வெள்ளை படிந்தால் சில வீடுகளில் வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவுகிறார்கள். இதை அடியோடு நிறுத்த வேண்டும். வெங்காரம் பிஞ்சு உடம்புக்கு விஷம். ஒரு வயது ஆகும் முன் தேனும் ஆகாது. குழந்தைக்கு மருந்து போடும் போது, தேவையானால் தாயின் மார்க்காம்புக்கும் டாக்டர் மருந்து தருவார். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறி மாறித் தொற்றிக் கொண்டே இருக்கும்.

இன்னொரு வெள்ளை

இப்போது தண்ணீர் விஷயம்.

விருதுநகர் மாவட்டத்தில் சில இடங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லையென்றாலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் சுண்ணாம்புக் கோடு போல் வெள்ளை விழும். பிறகு காவி ஏறும். இது அழுக்கு அல்ல. செங்கல் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. பெண் பார்க்க வரும் போது வாய் திறந்து சிரிக்கக் கூசுகிற பெண்களின் வேதனை சொல்லி முடியாது.

இதைவிடக் கொடுமையும் உண்டு. நெல்லூர் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பலர் முதுகு விறைத்து, குனிய முடியாமல் கிடந்தார்கள். குடிதண்ணீரில் உள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்று டாக்டர் ஷார்ட் குழுவினர் 1937-ல் வெளியிட்டார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீர் கொண்டு போனதும் இந்தத் தொல்லைக்காகத்தான். அந்தத் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டது.

ஆகவே பேரனுக்கே கூட அந்த மருந்து வேண்டுமா என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பல் டாக்டரிடம் போகும் போது, வீட்டில் குடிப்பது ஊரணித் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா, போர்த் தண்ணீரா என்று சொல்லி விட வேண்டும். 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. அவர்களுக்குத் துப்பத் தெரியாது, விழுங்கி விடுவார்கள். பாட்டில் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். நாக்கில் வைத்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. போர்த் தண்ணீர் குடிக்கிறவர்கள் ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

பாட்டி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் முதலில் சர்க்கரை பார்க்கட்டும். ராத்திரி பல் செட்டைக் கழற்றிக் கழுவி, சுத்தமான தண்ணீரில் போட்டு வைக்கட்டும்.